வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்கள்

கேள்வி: சமையலறையில் வாழைப்பழச் சீப்பைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்க்கின்றன. குழந்தைகள் இருப்பதால் மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: மருந்தே வேண்டாம். பழம் புளிக்கும் வாசனைதான் இந்தப் பழ ஈக்களை இழுக்கிறது. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் சுமார் 10 நாளில் முட்டை ஈயாகிவிடும். எனவே முதலில் முட்டையிடும் இடங்களை ஒழியுங்கள். கூடையின் அடியில் அழுகிய வெங்காயம், தக்காளி கிடந்தால் எடுத்துவிடுங்கள். குப்பையை இரவே வெளியேற்றுங்கள். சிங்க் துளையைத் தேய்த்துக் கழுவுங்கள். கரித்துணியை வெயிலில் காயப்போடுங்கள். கனிந்த பழத்தை மூடி வையுங்கள்.

பறப்பவற்றைப் பிடிக்க, கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். மேலே உட்காரும் ஈ மூழ்கிவிடும். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்; நிச்சயம் ஒழியும்.