பழைய ஜீப்பில் கோளாறு: கழற்றும் முன் கண்டறிவோம்

ஆனைமலை அடிவாரத் தோப்புகளிலும், தொண்டாமுத்தூர், தாளவாடி வட்டாரத் தோட்டங்களிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்புகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் தடம் சேறாகிவிட்டால் தேங்காயும் உரமூட்டையும் வந்து சேர இதைவிட்டால் வேறு வழி இல்லாத தோட்டங்களும் உண்டு. அத்தகைய வண்டி இரையத் தொடங்கியதும் பலர் செய்வது, கியர் பெட்டியை இறக்கச் சொல்வதுதான். இறக்கிப் பார்த்தால் பெட்டி நன்றாக இருக்கும். கோளாறு முன்சக்கரத்துப் பேரிங்கில் இருக்கும். கூலியும் வீண், அறுவடை நேரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டியும் இல்லை. எந்த நிலையில் கோளாறு தோன்றுகிறது, எந்த நிலையில் மறைகிறது என்று நீங்களே கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும். இதற்கு ஒரு ஜாக்கியும், சாக்குக்கட்டியும், அளவு நாடாவும் போதும்.

முதலில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கியது. உயர்ந்த முகப்பு கொண்ட சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப்பும், 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சினுடன் வந்த எம்.எம்.540-ம் அந்த வழியில் பிறந்தவையே. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் பொருத்திய வண்டிகள் ஏராளம். ஆகவே பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்க வேண்டாம்.

நெம்புகோல் இறுகிக்கொள்வது

நான்கு சக்கர இழுவையில் சேர்த்த பின் டிரான்ஸ்பர் கேஸ் நெம்புகோல் திரும்ப வர மறுக்கிறது, ஸ்டீயரிங் கனக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் இது பழுதே அன்று. இந்த ஜீப்புகளில் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பல் சேர்க்கப்படுகிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் ஷாப்டிலும் பல்லிலும் ஏறி நிற்கும். அப்போது நெம்புகோலைச் சுத்தியலால் தட்டுவது ஷிப்ட் போர்க்கை வளைப்பதில்தான் முடியும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டுங்கள். முறுக்கம் தளர்ந்து நெம்புகோல் தானாக வரும். தார்ச்சாலை ஏறியதும் முன் இழுவையை விடுவிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நேரான பாதையிலும் இப்படி இறுகினால் டயர்களைச் சந்தேகிக்க வேண்டும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டு ஓட்டுவது நம்மவர் வழக்கம். காற்றைச் சரியாக நிரப்பி, டயரிலும் தரையிலும் சாக்குக்கட்டியால் கோடிட்டு, வண்டியைத் தள்ளிச் சக்கரம் ஒரு முழுச்சுற்று வந்ததும் நீளத்தை அளந்து பாருங்கள். முன்சக்கரம் 220 செ.மீ., பின்சக்கரம் 216 செ.மீ. என்று வந்தால் வேறுபாடு 4 செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 455 முறை சுற்றுகிறது. அதற்குள் 18 மீட்டர் வேறுபாடு சேர்ந்துவிடும். அந்த 18 மீட்டரை எங்காவது ஓர் உறுப்பு தாங்கியாக வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து?

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் கேளுங்கள். கிளட்சை மிதித்ததும் இரைச்சல் நின்றால், கியர் பெட்டியின் முன்பக்கப் பேரிங்கையோ, அடி ஷாப்டையோ பார்க்க வேண்டும். மிதித்ததும்தான் சத்தம் பிறக்கிறது என்றால் அது கிளட்சின் ரிலீஸ் பேரிங்.

நின்றபோது அமைதியாக இருந்து ஓடும்போது மட்டும் இரைந்தால், ஆளில்லாத சமதளப் பாதையில் 40 கி.மீ. வேகம் பிடித்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். (இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது.) சத்தம் தொடர்ந்தால் கோளாறு பெரும்பாலும் கியர் பெட்டிக்குப் பின்னால், அதாவது டிரான்ஸ்பர் கேஸ், ஷாப்ட், ஆக்சில், சக்கரம் ஆகியவற்றில் ஒன்றில் உள்ளது. இழுக்கும்போது ஒரு சத்தமும், ஆக்சிலரேட்டரை விட்டதும் வேறொரு சத்தமும் வந்தால் கிரவுன்–பினியன் பல். இடப்புறம் திருப்பும்போது மிகுந்து, வலப்புறம் திருப்பும்போது குறைந்தால் வலச் சக்கரப் பேரிங். பாரம் அப்போது அதன் மேல் சாய்கிறது. கிளம்பும்போது ‘டக்’கென்று அடித்தால் முதலில் ஷாப்டின் கிராஸ் ஜாயிண்ட்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கிரீஸ் போட மறந்த கிராஸ் ஜாயிண்ட், வேகத்துக்கு ஏற்றபடி குருவி போலக் கீச்சிடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வில்லிஸ் வழி ஜீப்புகளில் பின் ஷாப்டுக்குச் செல்லும் விசை, டாப் கியரில்கூட, டிரான்ஸ்பர் கேஸின் இடைப்பல் வழியாகவே போகிறது. எனவே மெல்லிய ‘ஙொய்’ ஒலி அந்த வண்டிகளின் பிறவிக் குரல். அதை நீக்க யாராலும் முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எண்ணெய் இறக்கிப் பார்த்தாலும் செய்தி கிடைக்கும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. பள்ளம் கடந்த வண்டிகளில் இது சாதாரணம். மஞ்சள் நிறப் பொடி மின்னினால் பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்கிறது. கியர் பெட்டியும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டியிருப்பதால் ஒன்றன் எண்ணெய் மற்றொன்றுக்குக் கசிவதுண்டு. ஒன்றில் அளவு குறைந்து மற்றொன்றில் மிகுந்திருந்தால், எங்கும் ஒழுகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

முன்சக்கர ஆட்டம்

குழியில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடுவது ஆபத்தானது. இதைச் சோதிக்க ஜாக்கி ஏற்ற வேண்டும். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. வில்லிஸ் வழி ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் ஷாப்டையே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், தரையில் உள்ள மறு சக்கரம் டிபரன்சியல் வழியாகத் தாராளமாக உருளும். கை பிரேக் போட்டாயிற்று என்று நம்பி அடியில் படுத்துவிடக் கூடாது. எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கரப் பேரிங் தளர்ந்துள்ளது. மறையாவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால் டை ராட் முனைகள். பேரிங் தளர்ச்சியை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு பங்கு சுற்று பின்திருப்பிப் பூட்டினால் சரிசெய்யலாம்.

பிரேக்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்று என்பதால், ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும். மலை ஏறும் முன் பெடலை மிதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ ஏதேனும் ஒரு கசிவோ காரணம். சக்கரங்களின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். பெடல் பஞ்சு போல் மிதந்தால் குழாயில் காற்று. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். இவற்றில் எந்தக் குறை தெரிந்தாலும் அன்று மலைக்குப் போக வேண்டாம்.

எஞ்சின் சூடேறுவதைப் பற்றிச் சுருக்கமாக: பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஆழ்குழாய் நீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிகிறது. வண்டி ஓடி வந்து எஞ்சினை நிறுத்தியபின், விசிறி நின்றதும், ரேடியேட்டரின் முன்பரப்புக்கு அருகே கையைக் கொண்டு செல்லுங்கள். சூடு தெரியாத இடம் அடைத்துக்கொண்ட இடம். கூலன்ட் கலக்க மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் துகளும் முன்புறத்தை அடைக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி ஊதுங்கள்.

உதிரிபாகம் வாங்கக் கோவைக்குப் போகும்போது கழற்றிய பாகத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பேரிங் வளையத்தின் விளிம்பில் எண் பொறித்திருக்கும்; மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் தெரியும். கடையில் வண்டியின் பெயரைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.