பிரேக்கில் புகுந்த காற்று

எங்கள் குடும்பம் குடியேறி வாழும் ஊர் பூவார். நெய்யாறு கடலைச் சேரும் இடம். எங்கள் வீட்டிலுள்ள பழைய அம்பாசடரில், சென்ற விடுமுறையின்போது பொன்முடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் அம்மாவும் தங்கையும். ஒரு கொண்டையூசி வளைவில் பெடலை மிதித்தேன்; பஞ்சு மூட்டைபோல் அமிழ்ந்தது. மூன்று முறை அடித்து மிதித்த பின்னரே கார் நின்றது. முதல் கியரில் ஊர்ந்து அடிவாரம் சேர்ந்து, காரை அங்கேயே விட்டுப் பேருந்தில் வீடு திரும்பினோம். மறுநாள் பாறசாலையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணாச்சி பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, லைன்ல ஏர் ஏறியிருக்கு."

காற்றுக்கும் பிரேக்குக்கும் என்ன பகை? அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் (1623–1662) கண்ட விதி. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர், சக்கரத்துப் பிஸ்டனின் பரப்பு 6 எனக் கொள்வோம், விசை இருமடங்காகிறது. நீர்மம் எளிதில் சுருங்காது. காற்றோ சுருங்கும். குழாயில் குமிழி இருந்தால் நாம் மிதிப்பது அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

பிரேக் ஆயில் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை 205 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாது; ஈரம் ஏறினால் அது 140 அளவுக்கு இறங்கிவிடலாம். மலைச்சரிவில் ஓயாது மிதித்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆகவே பழைய ஆயிலையும் மாற்றுவதே முறை.

இனிச் செய்முறையைக் காண்போம். இதற்கு இருவர் வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஆகாது. ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது பழைய கார்களின் வழக்கம். மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள்.

சக்கரத்தின் நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயிலுள்ள புட்டியில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெல்ல மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க, குமிழிகளோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். திறந்திருக்கையில் காலை எடுத்தால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே புகும்! குமிழியின்றித் தெளிந்த ஆயில் வரும்வரை இதையே செய்து, பிற சக்கரங்களுக்கும் செல்க. இடையில் தொட்டி வற்றிவிட்டால் தொடக்கத்திலிருந்தே வேலை! வழிந்த ஆயிலை மீண்டும் ஊற்றாதீர். பெயின்டில் பட்டால் உடனே நீரால் கழுவுங்கள்.

முடிவில் பெடல் உயரத்திலேயே இறுகி நிற்க வேண்டும். இல்லையேல் எங்கோ கசிவு இருக்கலாம், காரை எடுக்காதீர். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்குத் தனிக் கருவியும் தேவைப்படும்.

அன்று பெடலை மிதித்தவன் நான். நிப்பிளைத் திறந்தவர் அண்ணாச்சி. புட்டியில் எழுந்த குமிழிகளைக் கண்டபோது, நான் தேர்வுக்காக மனனம் செய்த பாஸ்கல் விதி முதன்முறையாக என் காலுக்குப் புரிந்தது.