வேலைக்குப் போகும்முன் ஒரு கணக்கு



சாமை, ராகி அறுப்பு முடிந்துவிட்டால் வத்தல்மலையில் பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் எஸ்டேட் என்று ஆளுக்கொரு திசையில் போகிறோம். பிழைக்கப் போவது தப்பில்லை. ஆனால் அங்கே சிந்தும் வியர்வைக்கு இங்கே பலன் தெரிகிறதா? இதைப் பற்றி இந்த மாதப் பாடத்தில் சிந்திப்போம்.

அட்வான்ஸ் என்னும் கயிறு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மேஸ்திரியிடம் ரூ.20,000 அட்வான்ஸ் வாங்கியாச்சு. நாள் கூலியில் ரூ.150 அதற்குப் பிடிக்கிறார். 134-ஆவது நாள் கடன் தீர்ந்துவிடும். ஆனால் எழுதி வைக்காதவருக்கு அந்த நாள் வரவே வராது. "இன்னும் பாக்கி இருக்கு" என்று மேஸ்திரி சொல்வதுதான் கணக்கு. உடம்பு சரியில்லை என்றாலும், கூலி குறைத்தாலும் விட்டு வர முடியாது. ஏன்? கடன் கொடுத்தவரும் வேலை கொடுப்பவரும் ஒரே ஆள்!

அதே ரூ.20,000-ஐக் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் ரூ.2,000 அசலோடு பத்து மாதத்தில் கட்டினால் மொத்த வட்டி ரூ.1,100. வேலை பிடிக்காவிட்டால் வேறு இடம் போகலாம். நாம் கொடுக்கும் வட்டி நம் குழுவிலேயே தங்கும்.

கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வேலை வாங்குவது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம்.

புறப்படும்முன் கையில் இருக்கட்டும்

* மேஸ்திரி, முதலாளி பெயர், வேலை செய்யும் இடம், போன் நம்பர். ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும்.
* நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள்படி இதைக் கேட்டு வாங்கலாம்.
* ஆதார் இணைத்த ரேஷன் கார்டு விவரம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளி மாநிலத்திலும் அரிசி வாங்கலாம்.
* இ-ஷ்ரம் பதிவு. 16 முதல் 59 வயது வரை இலவசம்.
* ஒரு சின்ன நோட்டு. வேலை செய்த நாள், வாங்கிய கூலி, பிடித்த பணம் மூன்றையும் தினமும் எழுதணும்.

பணம் மலைக்கு வந்ததும்

கைச்செலவுக்கு இல்லாமல் காபியையும் மிளகையும் செடியில் இருக்கும்போதே வியாபாரிக்குப் பேசி விடுகிறோம். அதுவும் ஒரு அட்வான்ஸ் கயிறுதான்! வெளியூர்ச் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைச் சேமிப்பில் போட்டு வைத்தால், பறித்து, காயவைத்து, விலை பார்த்து விற்கலாம். காய்ந்த மிளகு கெடாமல் இருக்கும். புதிதாக மிளகுக் கொடி நட்டால் மூன்றாம் வருஷத்திலிருந்து காய்க்கும். நாலு குழுக்கள் சேர்ந்தால் ஒரு காயவைக்கும் களம் போடலாம். அப்போது மலையிலேயே நாலு பேருக்கு வேலை கிடைக்கும். போகிறவர்களும் வேறு வழியில்லாமல் போக மாட்டார்கள், விரும்பினால் போவார்கள்.

1989-இல் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அட்வான்ஸ் கயிற்றை அறுப்பதிலும் நாமே முதலில் நிற்போம்!

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை குடும்பம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறது? பாக்கி எவ்வளவு?
2. வெளியூர் போகிறவர்களுக்குப் பயணக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?
3. அவர்கள் விவரத்தைக் குழு நோட்டில் எழுதி வைக்கும் பொறுப்பு யாருக்கு?