பகலில் அசதி, இரவில் விழிப்பு - ஏன்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டை மூடிய பிறகுதான் நாம் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோம். அப்போது அடிக்கடி வரும் பேச்சு இது: "பகல் முழுக்க உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ராத்திரி படுத்தா மட்டும் கண்ணு கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு கிடக்கு." பக்கத்தில் இருப்பவர், "எனக்கும் அப்படித்தாங்க்கா" என்பார். அத்தோடு எல்லோரும் எழுந்து போய்விடுவோம்.

வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். ஆனால் விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, காட்டு வேலைக்கும் போய் வருபவர் சோம்பேறியாக எப்படி இருக்க முடியும்? இந்த அசதிக்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: உடம்பில் ரத்தம் போதுமா?

மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. நடந்தால் மூச்சு வாங்கும், படபடப்பு வரும், தலை சுற்றும், எந்த வேலையும் மலையாகத் தெரியும்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது 20 பேர் உள்ள குழுவில் 10 பேருக்கு மேல்!

சரி, அசதிக்கு இது காரணம். இரவில் தூக்கம் வராததற்கும் இதுவா? சில பேருக்கு ஆம். படுத்தவுடன் கால் குடையும், பூச்சி ஊர்வது போல் இருக்கும், காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், எழுந்து நடந்தால் சரியாகும். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே குறைதான் பகலில் சோர்வாகவும் இரவில் விழிப்பாகவும் இரண்டு பக்கம் அடிக்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினருக்கு இப்படித்தான் இருந்தது. "மருமக எப்பப் பாத்தாலும் சாஞ்சுக்கிட்டே இருக்கா" என்று மாமியாருக்குக் குறை. பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்கூட இல்லை. மாதாமாதம் உதிரப்போக்கு அதிகமாக இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து மருத்துவம் பார்த்த பிறகுதான் தேறினார்.

நாம் செய்ய வேண்டியது:

- ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.
- இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் நர்சிடம் கேளுங்கள்.
- மாத்திரையையும் சாப்பாட்டையும் டீயோடு சேர்க்காதீர்கள். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
- கீரை, கேழ்வரகு, பயறு வகைகளோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துச் சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். முடிந்தவர்கள் ஈரல், கறி, மீன் சேர்க்கலாம்.
- எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்னும் பழக்கத்தை விடுங்கள். நமக்கும் ஒரு பங்கு முதலிலேயே எடுத்து வைப்போம்.

கேள்வி 2: உடம்பின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் பட்டால் விழிப்பு, இருட்டினால் தூக்கம் என்று அது ஓடுகிறது. இந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரி 11 மணி வரை டிவி, படுக்கையில் செல்போன் என்று இருந்தால் இந்தக் கடிகாரம் பின்தங்கிப் போகும்.

- தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். காலை வெளிச்சத்தில் சற்று நேரம் நில்லுங்கள்.
- பகலில் கண் சொக்கினால் மூன்று மணிக்குள் அரை மணி நேரம் மட்டும் படுங்கள். சாயங்காலம் தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும்.
- மதியத்துக்குப் பிறகு டீ, காபியைக் குறையுங்கள். அதில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.
- படுத்து வெகுநேரம் தூக்கம் வரவில்லையா? புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

கேள்வி 3: மனசில் என்ன ஓடுகிறது?

ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற எண்ணங்கள் நமக்குத் தெரியாதவையா? "செவ்வாய்க்கிழமை தவணைக்கு என்ன பண்றது, பள்ளிக்கூட பீஸுக்கு யாரக் கேக்குறது?" கவலை இருக்கும்வரை உடம்பு காவலுக்கு நிற்கும், எவ்வளவு அசதி இருந்தாலும் தூங்காது. கட்ட வேண்டியது எவ்வளவு, எந்தத் தேதி என்று மாலையிலேயே எழுதிப் பாருங்கள். கட்ட முடியாத நிலை வந்தால் கடைசி நாள் வரை மறைக்காமல் முன்கூட்டியே குழுவில் சொல்லுங்கள். அதற்குத்தானே குழு!

எதிலும் மனசு ஒட்டாமல், அழுகை வந்துகொண்டே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், "உயிரோடு இருந்து என்ன" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, 14416 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். 2022ல் தொடங்கிய அரசு மனநல உதவி எண் இது. இரவிலும் எடுப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். நாளடைவில் அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும். மறுநாள் பகல் மயக்கமும் கூடும்.

இவை இருந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்: அதிக தாகம், இரவில் பலமுறை சிறுநீர் (சர்க்கரை நோயாக இருக்கலாம்), காரணமில்லாமல் எடை கூடுதல், குளிர் தாங்காமை (தைராய்டாக இருக்கலாம்), பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், அதிக உதிரப்போக்கு, கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குதல். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவில் உடம்பு அனலாகி வியர்த்து விழிப்பு வரலாம். அதற்கும் மருத்துவம் உண்டு.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் கடந்த ஓர் ஆண்டில் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?
2. நம் வீட்டில் முதலில் எழுபவர் யார்? கடைசியில் படுப்பவர் யார்? எந்த வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடியும்?
3. பரிசோதனைக்கு எல்லோரும் சேர்ந்து எந்த நாளில் போகலாம்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் பேச்சோடு விடாமல், தேதி போட்டுத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.