தூர்வாராத நினைவகம்

நுழையும்முன்

கண்மாயின் கரை உடைந்தால் ஊரே அறியும். வண்டல் படிந்து அதன் கொள்ளளவு குறைவதையோ, கோடை வரும்வரை எவரும் உணர்வதில்லை. கணினி நினைவகத்திலும் இத்தகைய வண்டல் சேர்கிறது. அதைக் கண்டறிந்து நீக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எட்டுவதும் வேண்டுவதும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் வேளாண்மை கண்மாய்களை நம்பியது. மழைநீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் அடியில் படியும். கரையின் உயரம் மாறாது. தேங்கும் நீர் மட்டும் குறையும். அதனால்தான் முன்னோர் குடிமராமத்து என்னும் பெயரில் ஊர்கூடித் தூர்வாரினர்.

வலைச்செயலி ஒன்று இயங்கும்போது தரவுகளை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பயன் முடிந்தபின் அவ்விடம் விடுபட வேண்டும். 1995இல் உருவான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இப்பணியைக் 'குப்பைத் திரட்டி' தானாகவே செய்கிறது. இக்கருத்தை லிஸ்ப் மொழிக்காக வகுத்த ஜான் மெக்கார்த்தி, 1960இல் வெளியிட்ட கட்டுரையில் அதனை விளக்கினார். நிரலின் வேரிலிருந்து இணைப்புகளின் வழியே எட்டக்கூடிய தரவுகளைத் திரட்டி விட்டுவைக்கும். எட்ட முடியாதவற்றை நீக்கும். ஒரு தரவு நமக்கு வேண்டுமா என்பதை அது அறியாது. பயனற்ற தரவோடு இணைப்பு அறுபடாதிருந்தால், அத்தரவு நினைவகத்தில் தங்கிவிடும். இதுவே நினைவகக் கசிவு.

கசிவின் தோற்றம்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் வண்டி நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைக் கற்பனை செய்வோம். ஒரு வழித்தடத்தைத் திறந்ததும், நேரப்பட்டியலைப் புதுப்பிக்க 'செட்இன்டர்வெல்' என்னும் கட்டளை தொடங்குகிறது. பயனர் வேறு வழித்தடத்திற்குச் சென்றபின்னும் அக்கட்டளை ஓடிக்கொண்டே இருந்தால், பழைய பட்டியலையும் பிடித்துவைத்திருக்கும். ஒரு முறைக்கு அரை மெகாபைட் தங்கினால், 200 முறைக்கு 100 மெகாபைட் தங்கும். நீக்கப்படாத நிகழ்வுக் கவனிப்பான்களும், எல்லையின்றி வளரும் தற்காலிகச் சேமிப்புகளும் இவ்வாறே கசிவை உண்டாக்கும்.

கண்டறிதலும் களைதலும்

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை வழிநடத்திய குரோம் உலாவி 2008இல் வெளிவந்தது. அதன் உருவாக்குநர் கருவிகளில் 'மெமரி' என்னும் பகுதி உண்டு. முதலில் நினைவகத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐயத்திற்குரிய பக்கத்தைப் பத்துமுறை திறந்து வெளியேறி, மீண்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிடுகையில், பத்தின் மடங்கில் மிகுந்திருக்கும் பொருளே முதல் தடயம். அதனைப் பிடித்துவைத்திருப்பது எது என்பதையும் அக்கருவி காட்டும்.

களைவதற்கான விதி எளிது: தொடங்கியவரே முடிக்க வேண்டும். 'செட்இன்டர்வெல்' கட்டளையைக் 'கிளியர்இன்டர்வெல்' நிறுத்தும். கவனிப்பானைச் சேர்த்த நிரலே அதனை நீக்கவும் வேண்டும். சேமிப்புக்கு உச்ச அளவு வகுக்க வேண்டும். மாற்றம் செய்தபின் அதே சோதனையை மீண்டும் நடத்தினால்தான் கசிவு நின்றது உறுதியாகும்.

பெருநிறுவனங்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2012ஆம் ஆண்டையொட்டி, நெடுநேரம் திறந்திருக்கும் ஜிமெயில் நினைவகத்தை மிகுதியாக விழுங்குவதாகப் பயனர்கள் தெரிவித்தனர். ஜிமெயில் குழுவும் குரோம் குழுவும் இணைந்து ஆராய்ந்தன. எல்லையற்ற சேமிப்புகள், ஒருபோதும் நிகழாதவற்றுக்காகக் காத்திருந்த செயற்கூறுகள், நீக்கப்படாத கவனிப்பான்கள் ஆகியன வெளிப்பட்டன. அவற்றைச் சீர்செய்தபின் நினைவகப் பயன்பாடு பெருமளவு குறைந்தது.

யாருக்கு இழப்பு?

நிரலரின் புதிய கணினியில் இக்குறை புலப்படாது. பழைய கைப்பேசியில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் மாணவியின் திரைதான் முதலில் உறையும். அவர் தம் கைப்பேசியையே குறைகூறுவார். பக்கத்தை மூடித் திறந்தால் நினைவகம் விடுபடும். ஆனால், அவர் நிரப்பிய விவரங்களும் அழிந்துபோகக்கூடும். கண்மாயில் நீர் குறைந்தால் கடைமடை வயலே முதலில் காயும். எனவே, நிரலைத் தம் கணினியில் மட்டுமன்றி, எளிய கருவியிலும் நெடுநேரம் இயக்கிப் பார்ப்பது நிரலரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. 'எட்டக்கூடிய தரவு', 'தேவையான தரவு' ஆகியவற்றின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உங்கள் ஊர்க் கண்மாயில் தூர்வாரிய முறையைப் பெரியோரிடம் கேட்டறிந்து, நினைவகப் பராமரிப்போடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.