ஊரோடு ஒருவராக: புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

வன்னியில் முன்னாள் போராளிகளோடு வேலை செய்ய வந்திருக்கிறீர்கள். இதே வேலையில் நரைத்துப்போனவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். எதைச் செய்வதற்கு முன்னும் உங்களிடமே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் செய்வது இந்த மனிதரை ஊரோடு ஒருவராக்குமா, ஊரிலிருந்து பிரித்துக் காட்டுமா?

1. பெயர்ப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்கூடாக வெளியே வந்தார்கள். வந்த பின்னும் பலரை விசாரணை விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து குடும்ப விபரம் கேட்பார்கள். முகாமுக்கு வரச்சொல்லி அழைப்பு வரும். நீங்களும் கோப்போடு படலையில் நின்றால் அந்த வீட்டார் உங்களை யாரென்று நினைப்பார்கள்? உதவியை ஊருக்கென்று கொண்டுபோங்கள். கோழிக்கூடு கொடுப்பதென்றால் கணவனை இழந்தவருக்கும் காணியில்லாதவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். புனர்வாழ்வுத் தடுப்பிலிருந்து வந்தவர் அந்த வரிசையில் ஒருவராக நிற்கட்டும்.

2. கதை கேட்காதீர்கள். எந்தப் படையணி, எந்தச் சமர், யார் பொறுப்பாளர் என்றெல்லாம் அறிய ஆசை வரும். இதே கேள்விகளைத்தான் விசாரணையில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், எழுதாதீர்கள். "உங்கள் கைக்கு என்ன வேலை வரும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காயம் கட்டத் தெரிந்தவர், இயந்திரம் திருத்தத் தெரிந்தவர், கணக்கு வைக்கத் தெரிந்தவர் என்று எத்தனையோ பேர் வெளியே வருவார்கள்.

3. ஊரின் மனதையும் படியுங்கள். இதற்குத்தான் நீங்கள் அதிக காலம் செலவழிக்க வேண்டியிருக்கும். போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டது. பிள்ளையைக் கொடுக்காதிருக்கப் பதுங்குகுழியில் ஒளித்து வைத்தவர்களும், வயது வருமுன்னே அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்துச் செல்லப்பட்டவரும், பிடிக்க வந்தவரும் இன்று ஒரே கோயில் திருவிழாவில் நிற்கிறார்கள். ஊர் கூடி ஒரே நாளில் சமாதானமாகட்டும் என்று கூட்டம் வைக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் பழி சொல்லத்தான் ஆள் எழும்பும். குளக்கட்டுத் திருத்தம், பாடசாலை வேலி, மரணச் சடங்கு என்று ஊர் தானாகக் கூடும் இடங்களில் கூட நில்லுங்கள்.

அதைவிடக் கனமான ஒன்று உண்டு. போர் முடிவில் சரணடைந்து காணாமல்போன பிள்ளையைத் தேடி 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் குந்தியிருந்த தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். அப்படி ஒரு தாயின் பக்கத்து வீட்டுக்குத்தான் உங்கள் ஆள் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். "என்ரை பிள்ளையைக் கண்டனியோ?" என்று அந்த அம்மா அவரிடம் கேட்பார். நாளைக்கும் கேட்பார். பதில் இல்லாததால் உங்கள் ஆள் அந்த ஒழுங்கையால் போவதையே விட்டுவிடுவார். இருவரில் ஒருவரையும் குற்றம் சொல்லாதீர்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கும் போய் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் போகிறவராக உங்களை ஊர் காணக்கூடாது.

4. தொழிலைத் தீர்மானிக்கும் முன் உடம்பைக் கேளுங்கள். தோளிலும் முதுகிலும் செல் துண்டு இருக்கிறவருக்கு மேசன் வேலைப் பயிற்சிச் சான்றிதழ் எதற்கு? வெயில் ஏற ஏற அந்தத் துண்டு வலி கொடுக்கும். கூலிக்குக் கூப்பிட்டவர் அவரைச் சோம்பேறி என்பார். செயற்கைக் கால் உடைந்தால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குப் போய்வர அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அந்தச் செலவையும் உங்கள் திட்டத்தில் போடுங்கள்.

5. பெண்களைத் தேடிப் போங்கள். அவர்கள் உங்களைத் தேடி வரமாட்டார்கள். சியரா லியோனில் 2002 தொடக்கத்தில் முடிந்த ஆயுதக் களைவில் 70,000-க்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். அதில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. துப்பாக்கி கொண்டுவா என்று கேட்டதால், சமைத்தவளும் சுமந்தவளும் கடத்திச் செல்லப்பட்டு மனைவியாக வைக்கப்பட்டவளும் வெளியே நின்றார்கள். நம்மிடம் புனர்வாழ்வு பெற்ற பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். இயக்கத்தில் இருந்தவள், தடுப்பில் இருந்தவள் என்று சொல்லியே எத்தனையோ சம்பந்தங்கள் குழம்பின. பெண் பணியாளரை அனுப்புங்கள், பகலில் அனுப்புங்கள், மாதர் சங்கத்துக்கூடாக அனுப்புங்கள். தயவுசெய்து எல்லோருக்கும் தையல் மெஷினே கொடுக்காதீர்கள். ஒரே ஊரில் அத்தனை பேருக்கும் தைக்கத் துணி எங்கிருந்து வரும்?

6. காசு. நேபாளத்தில் 2012-இல் மாவோயிஸ்ட் போராளிகளில் 15,000-க்கும் மேற்பட்டோர், பதவிக்கேற்ப 5 முதல் 8 இலட்சம் நேபாள ரூபா வாங்கிக்கொண்டு வீடு போனார்கள். அங்கே இராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர்தான். மொத்தக் காசு தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் கொடுக்கும் முன் அந்த வீட்டுக் கடனைப் பாருங்கள். வன்னியில் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், நீங்கள் கொடுத்த மாட்டை மறுகிழமையே விற்க வைப்பார்.

7. படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும்.

8. கசிப்புக் குடிக்கிறார், இரவில் கத்துகிறார், பிள்ளைகளை அடிக்கிறார் என்று மனைவி சொன்னால், புத்திமதி சொல்லப் போகாதீர்கள். முதலில் அவளும் பிள்ளைகளும் அன்றிரவு தங்க இடம் உண்டா என்று பாருங்கள். பிறகு அவரை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். துண்டெழுதி அனுப்பினால் போகமாட்டார். அடுத்த கிளினிக் திகதியை உங்கள் கொப்பியிலும் எழுதி வையுங்கள். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று முதல்நாள் பின்னேரமே விசாரியுங்கள்.