பாபநாசம் டர்பைனும் பயிற்சி விமானமும்

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகு ‘இயக்க விதிகள்’. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு ராக்கெட்டை உதாரணம் காட்டுவது நம் வழக்கம். எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அது பழகிய செய்திதான். அதோடு இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். விமானப்படையில் சேர்வோர் முதலில் ஓட்டிப் பழகும் டர்போபிராப் விமானம் அது.

சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 வகையில் 75 விமானங்களை வாங்க இந்தியா 2012-இல் ஒப்பந்தம் செய்தது. ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் 2013 முதல் அவை பயிற்சிக்குப் பயன்படுகின்றன. பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் வடிவமைத்த எச்.டி.டி-40 விமானம் 2016-இல் முதன்முதலாகப் பறந்தது. அவ்வகையில் 70 விமானங்களுக்கு 2023-இல் ஒப்பந்தமானது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

டர்பைன், புரொப்பெல்லர் என்ற இரண்டும் சேர்ந்ததே டர்போபிராப். பாபநாசம் மின்நிலையத்தில் மலையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றுகிறது. விமான எஞ்சினில் தண்ணீருக்குப் பதில் சூடான வாயு. உள்ளே இழுத்த காற்றை அழுத்தி, எரிபொருள் சேர்த்து எரித்தால், விரிந்து பாயும் வாயு டர்பைனைச் சுற்றும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்டு புரொப்பெல்லருக்குப் போகிறது.

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் காற்று இறக்கையைச் சுற்றுகிறது. விமானத்தில் இறக்கை சுற்றிக் காற்றைப் பின்னே தள்ளுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள்.

செயல்பாடு

பொம்மைக் காரின் மேல் சிறு மோட்டார், பேட்டரி, பிளாஸ்டிக் இறக்கை பொருத்துங்கள். காற்று பின்னே போனால் கார் முன்னே ஓடும். மின்கம்பிகளை மாற்றி இணைத்தால் காற்றின் திசை மாறும், காரும் எதிர்ப்பக்கம் நகரும். விதியை நாம் சொல்லத் தேவையிருக்காது.

கரும்பலகைக் கணக்கு

“ஜெட் இருக்கும்போது இது எதுக்கு சார்?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கணக்கிலேயே விடை இருக்கிறது. நிற்கும் காற்றை ஒரு விநாடிக்கு 100 கிலோ வீதம் 10 மீ/வி வேகத்தில் தள்ளினால் விசை 1,000 நியூட்டன். 10 கிலோவை 100 மீ/வி வேகத்தில் தள்ளினாலும் அதே 1,000 நியூட்டன்தான். இப்போது இயக்க ஆற்றலைக் கணக்கிடச் சொல்லுங்கள். முதலாவதற்கு விநாடிக்கு 5,000 ஜூல், இரண்டாவதற்கு 50,000 ஜூல். அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். குறைந்த வேகத்தில் பறந்து பழகும் விமானத்துக்கு அது பொருந்துகிறது. மிக அதிக வேகத்தில் புரொப்பெல்லரின் திறன் குறைவதால் போர் விமானங்களுக்கு ஜெட் தேவைப்படுகிறது.

பின் இருக்கை ஆசிரியர்

பிலாட்டஸில் மாணவர் முன்னே அமர்வார், பயிற்றுநர் பின்னே. இருவரிடமும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவர் தடுமாறும்போது எந்த நொடி வரை பொறுப்பது, எப்போது தாம் ஏற்பது என்பதே பயிற்றுநர் கற்க வேண்டிய வித்தை. அதற்கென 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில் நடக்கிறது. நமக்கு பி.எட். கல்லூரி போல விமானிகளுக்கு அது.

வகுப்புக்குப் பின்

தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வில் விமானப்படைப் பிரிவுக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். 2022 முதல் பெண்களும் அந்த அகாடமியில் சேர்ந்து பயில்கிறார்கள். “கணக்கு வராது” என்று சொல்லி, பதினொன்றாம் வகுப்பில் வேறு பிரிவு எடுக்கும் பெண் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் பலர் மேலே உள்ள கணக்கைச் சரியாகப் போட்டவர்கள். பிரிவு எடுத்த பிறகு இந்தச் செய்தியைச் சொல்லிப் பயனில்லை. முதல் அலகு நடத்தும்போதே, போட்ட கணக்கு பலகையில் இருக்கும்போதே, சொல்லிவிடுங்கள்.